பச்ச வண்டிக்கு நாலு பார்ட்டி

...கார்ல கால் வைக்கிற மிதியடிக்குங்க! தங்கத்துல நெய்ததா? இல்ல. கம்பளியா? அதுவும் இல்ல. ரப்பர். அந்த நாலு ரப்பர் துண்டுக்கு இவங்க போட்டிருக்கற வெலைக்கு எங்க வீட்டுல கூடம், ரூம், மாடி எல்லாத்துக்கும் கம்பளம் விரிச்சு, மிச்சத்துல படிக்கட்டுக்கும் ஒண்ணு போட்டுடலாம். 'மிதியடி வேண்டாம் தம்பி, நாங்க செருப்பக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு ஏறிக்கறோம்'னு சொன்னேன். அந்த டை கட்டின தம்பி சிரிக்கக்கூட இல்ல. 'அது அத்தியாவசியப் பேக்கேஜுல வருது மேடம், பிரிக்க முடியாது'ங்கறாரு. அத்தியாவசியமாம்! ஸ்டியரிங் அத்தியாவசியம், ஒத்துக்கறேன். பிரேக் ரொம்பவே அத்தியாவசியம். ஆனா பேக்கேஜுல என்ன இருக்கு? மிதியடி, ஒரு குடை, சாவி மாட்டுற வளையம். குடை இல்லாம வண்டி ஓடாது போலிருக்கு!

உக்காருங்க, உக்காருங்க. நல்லா சாஞ்சே உக்காருங்க, இந்த சோபாவுக்கு மட்டும் இன்னும் வெல போடல. சர்வீஸுக்குக் குடுத்துட்டுக் காத்திருக்கீங்களா? ...ஓ, பாக்க வந்தீங்களா. பாருங்க, தாராளமாப் பாருங்க. பாக்குற வரைக்கும் இவங்கள மாதிரி தங்கமான மனுசங்க கெடையாது. வெலன்னு ஒரு வார்த்த வாயில வந்துச்சுன்னு வைங்க... சரி, உங்கள அக்கான்னு கூப்பிடலாமா? இல்ல எனக்குத்தான் வயசு கூடுதலோ? வேணாம், அந்த ஆராய்ச்சியே வேணாம். ரெண்டு பேருல யாரு ஜெயிச்சாலும் வருத்தந்தான்.

நான் படிச்சவதாங்க. கணக்குல பட்டம் வாங்கினவ. பெருமைக்குச் சொல்லல, இந்த வெலையப் புரிஞ்சுக்க நான் எவ்வளவு பாடுபட்டேன்னு தெரியணும்ல, அதுக்காகச் சொல்றேன். வாசல்ல பலகையில ஒரு வெல எழுதியிருக்கு பாத்தீங்களா? அழகா, பெருசா? அது யாருக்குமே கெடையாது. அது சும்மா ஒரு அலங்காரம். உள்ள வந்தா ஷோரூம் வெலன்னு ஒண்ணு. 'அப்ப இதக் குடுத்தா வண்டி எனக்கா?'ன்னு கேட்டேன். 'உங்களுக்குத்தான் மேடம், ஆனா வெளிய எடுத்துட்டுப் போக முடியாது'ங்கறாரு. அதாவது, தினமும் நான் இங்க வந்து தொட்டுப் பாத்துட்டுப் போகணும்! வெளிய எடுக்கணும்னா ரோட்டு வெல. அதுல வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேரும். நியாயம், அதுல நான் குத்தம் சொல்லல. ஆனா இன்சூரன்ஸ இவங்ககிட்டத்தான் எடுக்கணுமாம். கட்டாயமான்னு கேட்டேன். 'கட்டாயம் இல்ல மேடம், ஆனா எடுக்கலன்னா தள்ளுபடி கெடையாது'. எந்தத் தள்ளுபடி? 'இன்சூரன்ஸ் எடுத்தா வர்ற தள்ளுபடி'. எனக்கு அப்பவே தல சுத்துச்சு. இவரு அதுக்கும் தண்ணி குடுப்பாரு, பில்லும் குடுப்பாருன்னு பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறம் போக்குவரத்துக் கட்டணம். ஃபேக்டரிலேர்ந்து இங்க வரைக்கும் வண்டி வர்ற செலவு. சரி, குடுத்துடறேன். அதுக்குக் கீழ 'கையாளும் கட்டணம்'. அது எதுக்கு? 'கிடங்குலேர்ந்து ஷோரூமுக்குக் கொண்டு வர்றதுக்கு மேடம்.' கிடங்கு எங்க இருக்கு? ...நீங்களே சொல்லுங்க, எங்க இருக்கும்? இந்தச் செவுத்துக்குப் பின்னாடிங்க! தட்டுனா அங்க கேக்கும்! ஃபேக்டரிலேர்ந்து இங்க வர்றதுக்கு ஆன செலவுல பாதி, இந்தச் செவுத்தச் சுத்தி வர்றதுக்கு. என் கையில குடுங்கய்யா, நானே தள்ளிக்கிட்டு வர்றேன்னு சொன்னேன்.

ஒவ்வொண்ணுக்கும் 'மேனேஜரக் கேட்டுட்டு வர்றேன்'னு எழுந்திருச்சுப் போவாரு. அந்தக் கண்ணாடி ரூம் தெரியுது பாருங்க, அங்கதான். கண்ணாடி ரூம்னா வெளிய இருக்கறவங்களுக்கு உள்ள தெரியும்ங்கறது இவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. உள்ள ரெண்டு பேரும் போன்ல எதையோ பாத்துச் சிரிக்கிறாங்க. இவரு தோள்ல அவரு தட்டுறாரு. அப்புறம் கதவத் தொறக்கும்போது மட்டும் இவரு முகம் மாறும் பாருங்க... ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து வெளிய வர்ற டாக்டர் மாதிரி. 'எங்களால முடிஞ்சதப் பண்ணிட்டோம் மேடம்.' நானும் பாதி பயத்துல எழுந்திருச்சுட்டேன், யாருக்கு என்ன ஆச்சோன்னு.

டாக்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது. டாக்டருங்களுக்குத் தனித் தள்ளுபடி இருக்காம். நான் சும்மா இருப்பேனா? 'இவரு கண்ணு பாக்குறவரு'ன்னு சொன்னேன். அதுல ஒரு எழுத்து பொய் உண்டா? எங்க வீட்டுக்காரர் தினமும் கண்ணுதான் பாக்குறாரு. டைக்காரர் முகம் மலர்ந்துச்சு, விரல் கம்ப்யூட்டர்ல போச்சு... அதுக்குள்ள இவரு குறுக்க விழுந்து, 'நான் டாக்டர் இல்லீங்க, கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன்'னு போட்டு ஒடச்சாரு. யாரு கேட்டா? அந்த ஒரு வரிக்கு எங்க கடை வாடகை மூணு மாசத்துக்குப் போச்சு. அப்புறம் விசுவாசத் தள்ளுபடின்னு ஒண்ணு. ஏற்கனவே இந்தக் கம்பெனி வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு. அதாவது, ஒரு தடவ ஏமாந்தா ரெண்டாந் தடவ ஏமாறதுக்குச் சலுகை.

ஆமாங்க, கண்ணாடிக் கடைதான். மூக்குக் கண்ணாடி. எங்க கடைக்கு ஒரு தடவ வந்து பாருங்க, வியாபாரம்னா எப்படி இருக்கணும்னு தெரியும். எல்லாம் வெளிப்படையா இருக்கும். பிரேமுக்கு ஒரு வெல. உள்ள போடற கண்ணாடிக்கு ஒரு வெல. கண்ணாடி இல்லாத வெறும் பிரேம வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றதுன்னு ஒருத்தர் கேட்டாரு. முகத்துக்கு எடுப்பா இருக்கும்னு சொன்னேன். கீறல் விழாம இருக்க ஒரு பூச்சு, கண்ணு கூசாம இருக்க ஒரு பூச்சு, அது தனித்தனி. கண்ணாடி மெல்லிசா வேணும்னா அதுக்குக் கொஞ்சம் கூட. தேய்ச்சு மெல்லிசாக்கினா பொருள் கொறையுதே, வெல எப்படி ஏறுதுன்னு கேப்பாங்க. அது விஞ்ஞானம். எல்லாருக்கும் வெளக்க முடியுமா? ...ஏங்க, ஏன் சிரிக்கிறீங்க? இல்ல, சிரிச்சீங்க, பாத்தேன். அது வேற, இது வேற. எங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு. டப்பா இலவசம்!

சரி, விடுங்க. எனக்கு இந்த வண்டி எதுக்குங்க? எனக்குக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தா பத்து நிமிஷம். இது அவருக்கு. அந்தாண்ட ஹால்ல பச்ச வண்டிகிட்ட ஒருத்தர் நிக்கிறாரே, சட்டப்பையில துணி வெச்சுக்கிட்டு... அவருதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து 'எனக்கு இது வேணும்'னு அவரு வாய் தொறந்து நான் கேட்டதில்ல. சட்ட நான் எடுப்பேன், போட்டுக்குவாரு. செருப்பு நான் எடுப்பேன், கடிச்சாலும் சொல்ல மாட்டாரு. அப்படிப்பட்டவரு ஒரு நாள் ரோட்டுல நடந்து வந்துக்கிட்டிருக்கும்போது, இந்த ஷோரூம் கண்ணாடிக்கு வெளிய நின்னுட்டாருங்க. நான் பேசிக்கிட்டே ரொம்ப தூரம் போயிட்டேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். வந்து பாத்தா, இந்தப் பச்ச வண்டியப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. 'இது நல்லாருக்கு'ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டே வார்த்த. எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க... அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், கடனோ உடனோ, இந்த வண்டி இவருக்கு வாங்கிக் குடுத்தாகணும்னு. வேற வண்டி இல்ல, வேற கலரும் இல்ல. இந்தப் பச்சைய கம்பெனியே நிறுத்திட்டாங்களாம். இனிமே வராது. ஊருல இருக்கறது இது ஒண்ணுதான்.

அவரு மொத நாளே வாங்கத் தயார்ங்க. சொன்ன வெலைக்குத் தலையாட்டிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவத் தொறந்துட்டாரு. நாந்தான் வாங்கி மூடினேன். சொன்ன வெலைக்கா வாங்குவாங்க? நாமளே ஒரு கடைய வெச்சுக்கிட்டு, சொன்ன வெலைக்கு வாங்குறவங்களப் பத்தி நாம என்ன பேசுவோம்னு எனக்குத் தெரியாதா?

சரி, கொஞ்சம் கிட்ட வாங்க. அந்தத் தம்பி இங்கதான் பாக்குறாரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், நீங்க யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல, அதனால சொல்றேன். உண்மையான வெல என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் கேட்டா எனக்கு ஒரு வெல, வேற ஆளு கேட்டா வேற வெல. அப்ப, வேற ஆளுங்கள அனுப்பிக் கேக்க வெச்சா? நமக்குக் கணக்கு தெரியும்ல!

மொதல்ல என் கொழுந்தனார அனுப்புனேன். தங்கமான மனுசன், ஆனா மனசுல இருக்கறது அப்படியே முகத்துல எழுதி ஒட்டியிருக்கும். 'ஆர்வமே இல்லாத மாதிரி நடந்துக்கோங்க தம்பி, கொட்டாவி விட்டாக்கூடத் தப்பில்ல'ன்னு சொல்லி அனுப்புனேன். போன மனுசன் டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து, கதவச் சாத்திக்கிட்டு, ரேடியோவப் போட்டுக்கிட்டு எறங்கவே இல்லையாம். 'அண்ணி, என்னா சவுண்டு தெரியுமா'ன்னு எனக்கே வந்து வெளக்கம் வேற. வெலையக் கேட்டீங்களான்னா, மறந்துட்டேங்கறாரு. மறுபடி போன் பண்ணிக் கேட்டாரு. நம்ம வெலைய விடக் கூடுதல்.

சரி, ஆளு சரியில்லன்னு என் தங்கச்சிய அனுப்புனேன். அவ புத்திசாலி. புத்திசாலிங்களாலதாங்க எனக்கு எப்பவும் கஷ்டம். பணக்காரின்னு காட்டிக்கிட்டா பயந்துக்கிட்டு உண்மையான வெல சொல்வாங்கங்கறது அவ கணக்கு. என் வளையல், என் சங்கிலி, என் கைப்பை எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு வந்து, 'வெலையப் பத்தி எனக்குக் கவல இல்ல, எனக்குக் கலர்தான் முக்கியம்'னு சொல்லிட்டுப் போயிருக்கா. வெல என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க. அது மாடி ஏறிடுச்சு.

மூணாவதா எங்க கடையில கண்ணு பரிசோதன பண்ற பொண்ண அனுப்புனேன். அவ சின்ன வயசு, பாவமா முகத்த வெச்சுக்குவா, எறக்கிச் சொல்வாங்கன்னு பாத்தேன். அவ என்ன பண்ணிட்டா, 'எனக்கு நிச்சயம் ஆயிருக்கு, அவருக்குப் பச்சன்னா உயிரு, இந்த வண்டி கெடைக்கலன்னா கல்யாணமே சந்தேகம்'னு ஒரு பெரிய கதையா விட்டிருக்கா. டைக்காரர் கண்ணே கலங்கிடுச்சாம். கண்ணு கலங்குச்சே தவிர வெல கலங்கல.

அதுக்கப்புறம் நான் வந்தேன். கையக் கட்டிக்கிட்டு உக்காந்து, 'சரி, கடைசி வெலையச் சொல்லுங்க'ன்னேன். டைக்காரர் சொல்றாரு: 'மேடம், முன்னாடி சொன்ன வெல இப்ப இல்ல. இந்த ஒரு வண்டிக்கு நாலு பார்ட்டி நிக்கிறாங்க. தள்ளுபடி எல்லாம் எடுத்தாச்சு. மேல ஒரு கூடுதல் தொகையும் போட்டிருக்கோம், சந்தை நிலவரம்.' எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சுங்க. எங்க வீட்டுக்காரர் ஆசப்பட்ட ஒரே ஒரு பொருள், அதுக்குப் போட்டிக்கு வர்றதுக்கு எவனுக்கு என்ன தைரியம்! யாரய்யா அந்த நாலு பேருன்னு மேசையத் தட்டினேன். பேர் சொல்ல மாட்டோம் மேடம்னாரு. அப்புறம் அவரே, 'ஒருத்தர் ரேடியோ ரசிகர், ஒருத்தங்க ரொம்ப வசதியானவங்க, ஒரு கல்யாணப் பொண்ணு, அப்புறம் நீங்க'...

தட்டின கை அப்படியே மேசையில இருந்துச்சுங்க.

நாலு பார்ட்டியும் நம்ம வீட்டுப் பார்ட்டிங்க! நாங்களே எங்களுக்குப் போட்டி! எங்க ஆசைக்கு நாங்களே வெல ஏத்திக்கிட்டிருக்கோம்! ...சிரிங்க, சிரிங்க. இந்தத் தடவ சிரிச்சா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு. வெளிய வந்ததும், 'அந்த வெலையக் குடுத்துடலாமே'ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. 'கொஞ்சம் பொறுங்க'ன்னேன். ஏத்தினவளுக்கு எறக்கத் தெரியாதா?

அதுக்குத்தான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்கேன். இன்னிக்கு மாசக் கடைசி. இவங்க கணக்குக்கு இன்னிக்குள்ள ஒரு வண்டி போயாகணும், அத அந்த மேனேஜரே போன்ல கத்துனது எனக்குக் கேட்டுச்சு. அந்த ரூம் கண்ணாடி மெல்லிசு. மூணு பேரையும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போன் பண்ணி, 'வேண்டாம்'னு சொல்லச் சொல்லியிருக்கேன். நாலு பார்ட்டியில மூணு பார்ட்டி காலி. அப்ப டைக்காரர் முகத்துல ஈயாடாது பாருங்க, அந்த நேரத்துல நான் மெதுவா இந்த சோபாவ விட்டு எழுந்திருக்கணும். அவசரப்படக் கூடாது. சேலைய ஒரு தடவ சரி பண்ணிட்டு...

பாருங்க, பாருங்க, போன் எடுத்துட்டாரு! அதான், கொழுந்தனாரா இருக்கும். ...ஆமா, தலைய ஒரு பக்கம் சாச்சிட்டாரு. இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரே... அந்த மனுசன் 'வேண்டாம்'னு சொல்றதுக்கு முன்னாடி சவுண்டப் பத்தி ஒரு பாட்டம் பேசாம வைக்க மாட்டாரு. வெச்சுட்டாரு. நெத்தியத் தேய்க்கிறாரு. ஒண்ணு போச்சு!

என்ன கேட்டீங்க? எவ்வளவு எறங்கும்னா? நல்ல கேள்வி. நீங்களும் வெவரமான ஆளுதான். மொத வெலைக்கும் கீழ போகும்ங்க. ஆனா சரியாக் கேக்கணும். அத்தியாவசியப் பேக்கேஜ் வேண்டாம்னு சொல்லணும், பிரிக்க முடியாதுன்னு சொல்வாரு, நீங்க எழுந்திருக்கிற மாதிரி பண்ணணும், பிரிச்சுடுவாரு. பெயிண்டுக்கு மேல ஒரு பூச்சுன்னு ஆரம்பிப்பாரு, அதுவும் வேண்டாம். இன்சூரன்ஸ் வெளிய எடுத்துக்கறேன்னு சொல்லணும். கையாளும் கட்டணம்னு வாயெடுத்தா அந்தச் செவுத்த ஒரு தடவ திரும்பிப் பாத்தாப் போதும், அவரே அந்த வரிய அடிச்சு விட்டுடுவாரு. கடைசியா, 'இன்னிக்கே முழுசாக் கட்டறேன்'. இது ஒண்ணுதான் மந்திரம். அதக் கேட்டா மேனேஜரே வெளிய வருவாரு. நான் படிச்சுக் கண்டுபிடிச்சது, உங்களுக்குச் சும்மா சொல்றேன்.

அட, ரெண்டாவது போன். கடைப் பொண்ணு. பாருங்க, அவரு அவளுக்கு ஆறுதல் சொல்றாரு போலிருக்கே! கல்யாணம் நின்னுடுச்சுன்னே சொல்லிட்டாளா பாவி... சரி, ரெண்டு போச்சு. இன்னும் என் தங்கச்சி ஒருத்திதான்.

எழுந்திருச்சுட்டீங்களா? பாத்ரூமா? இடது பக்கம் திரும்பி நேராப் போங்க. பைய இங்கயே வெச்சுட்டுப் போங்களேன், நான் பாத்துக்கறேன்... ஓ, எடுத்துக்கறீங்களா, சரி சரி. சீக்கிரம் வாங்க, நான் எழுந்திருக்கிறத நீங்க பாக்கணும்.

இடது பக்கம்னு சொன்னேன்... நேராப் போறாங்க...

ஹலோ. ம், சொல்லுடி. சொல்லிட்டியா? ...'என் அந்தஸ்துக்கு இந்த வண்டி சரிப்படாது'ன்னு சொன்னியா? நல்லா சொன்ன போ. ம்... இரு. இல்ல, நான் இன்னும் எழுந்திருக்கல. ஒரு நிமிஷம் இருடி. டைக்காரர்கிட்ட யாரோ நின்னுக்கிட்டிருக்காங்க. யாரோ இல்ல, இவ்வளவு நேரம் எங்கூடப் பேசிக்கிட்டிருந்தவங்க. அதாவது... பேசல. நாந்தான் பேசினேன். அவங்க கேட்டுக்கிட்டிருந்தாங்க. ரொம்ப நல்லாக் கேட்டாங்கடி.

செவுத்தத் திரும்பிப் பாக்குறாங்க.

இல்ல, ஒண்ணுமில்ல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மேனேஜர் வெளிய வந்துட்டாரு. சிரிச்சுக்கிட்டே வர்றாரு. கை குலுக்குறாரு. அவங்க பையத் தொறக்கறாங்க. அட்டைய எடுத்துட்டாங்க... நான் எழுந்திருக்கணும், இல்ல? ...எதுக்குடி இப்பப் போயி கத்தறது? என்னன்னு கத்தறது? அது என் வண்டின்னா? என் வண்டியா இருந்திருந்தா நான் ஏன் இந்த சோபாவுல உக்காந்திருக்கேன்? கூடக் குடுக்கறேன்னு சொல்லவா? போச்சு, தேய்ச்சாச்சு. இயந்திரம் காயிதத்தத் துப்பிடுச்சு. என்ன வெலைக்குங்கற? நான் எறக்கி வெச்ச வெலைக்குத்தான். மிதியடி இல்லாம.

உங்க மாமாவா? வண்டிகிட்டதான் நிக்கிறாரு. அந்தக் கதவுல யாரோ கை வெச்ச கற இருந்துச்சு போல, கண்ணாடி தொடைக்கிற துணிய எடுத்துத் தொடச்சுக்கிட்டிருக்காரு. அவங்க எல்லாரும் வண்டிகிட்ட வர்றாங்க. பாத்துட்டாரு. ஒதுங்கி நிக்கிறாரு... ஐயோ, கதவத் தொறந்து விடறாருடி. பாக்க வந்தவங்கன்னு நெனச்சிருக்காரு. அந்தம்மா ஏறி உக்காந்துட்டாங்க. அவங்களுக்குக் கால் எட்டல. உங்க மாமா குனிஞ்சு, சீட்ட முன்ன நகத்துற பட்டன் எதுன்னு காட்டிக் குடுக்கறாரு. டைக்காரருக்கே அது எங்க இருக்குன்னு தெரியாது. இவரு அந்த வண்டியோட வெளக்கப் புத்தகத்த அத்தன தடவ படிச்சிருக்காரு.

எல்லாத்துக்கும் தனித்தனியா வெல போடற எடத்துல அந்தம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு இலவசமா கெடைச்சிருக்குன்னா, அது உங்க மாமாதான்.

வைக்கிறேன்டி. என்னப் பாத்துக் கையாட்டிக் கூப்பிடறாரு.